மாகாண சபைக்கு எப்போது வாக்கு?

2024 நவம்பர் 11, திங்கள்

இன்று நள்ளிரவோடு பாராளுமன்றத் தேர்தல் பிரசாரம் ஓய்கிறது. குருவிட்ட டவுனில் பின்னேரம் வரை ஒலிபெருக்கிச் சத்தம். தோட்டத்துக்கு வந்த துண்டுப்பிரசுரங்களில் பாதி சிங்களத்தில் மட்டும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதலில் சம்பளக் கதைதான். மே தினத்தன்று கொட்டகலையில் நாட்சம்பளம் 1700 ரூபா என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில். தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1350 என்று முடிந்தது. "சொல்றதுக்கு என்ன, வாய்க்கு வரியா போடுறாங்க?" என்கிறார் இறப்பர் பால் வெட்டப் போகும் பக்கத்து லயத்து மாமா.

நவம்பர் 12, செவ்வாய்

ஐந்தாம் வகுப்பறையில் மழைத்தண்ணீர் மறுபடியும் ஒழுகுகிறது. கூரைத்தகடு கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் மாகாணத்துக்குச் சொந்தம். ஆனால் மாகாண சபைதான் இல்லையே! எங்கள் சப்ரகமுவ மாகாணத்தில் கடைசியாக வாக்களித்தது 2012 செப்டம்பர் 8. 44 ஆசனத்தில் இரண்டு மலையகக் கட்சிகளின் சேவல் சின்னத்துக்குக் கிடைத்தன. அந்தச் சபை 2017இல் கலைந்தது. புதிய தேர்தல் முறை கொண்டுவருகிறோம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே தோற்கடித்தது. அதோடு தேர்தலும் நின்றது. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்துகிறார்கள்.

போன வாரம் 5ஆம் திகதி அமெரிக்காவில் தேர்தல். பென்சில்வேனியாக்காரர்கள் ஒரே நாளில் ஜனாதிபதிக்கும், செனட்டருக்கும், தங்கள் மாநிலச் சபைக்கும் வாக்களித்தார்கள். நமக்கோ மேலிடத்தில் இருப்பவர்களைத் தெரிவு செய்ய மட்டும்தான் தடையில்லை; மாகாணத்துக்கு வாக்கில்லை.

நவம்பர் 13, புதன்

பள்ளிக்கூடம் வாக்களிப்பு நிலையமாவதால் லீவு. கொப்பியில் வாக்குச்சீட்டு மாதிரி வரைந்து அம்மாயிக்குக் காட்டினேன். செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் 39 பெயர். அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பம் போடலாம். பாராளுமன்றச் சீட்டில் அப்படி இல்லை. முதலில் ஒரேயொரு கட்சிக்குப் புள்ளடி. பிறகு கீழே உள்ள இலக்கங்களில் மூன்று பேருக்கு மேற்படாமல் புள்ளடி. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லாது. அம்மாயி பென்சிலை அழுத்திப் பிடித்து, கோடு பெட்டிக்கு வெளியே போகாமல் நாலைந்து தரம் போட்டுப் பார்த்தார்.

அவருடைய அப்பா 1947இல் வாக்களித்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்துச் சனங்களின் வாக்கைப் பறித்தன. 1988 சட்டத்துக்குப் பிறகுதான் அம்மாயிக்குப் பிரஜாவுரிமை. "எங்கப்பா போட்ட ஓட்டு எனக்கு வர நாப்பது வருசம் புள்ள" என்றார்.

நவம்பர் 14, வியாழன்

ஏழு மணிக்கே அம்மாயியைக் கூட்டிப்போனேன். கொழுந்து எடுக்கிறவர்கள் விடியவே வந்து வரிசையில் நின்றார்கள். வரிசையில் அட்டைக்கடிக்கு எல்லோரும் கால் தட்டியபடி. அடையாள அட்டையை பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார் அம்மாயி. விரலில் மை பூசியதும் வெளியே வந்து, "கட்சிக்கு முதல்ல போட்டேன், மறக்கல" என்றார்.

நவம்பர் 15, வெள்ளி

போயா தினம். காலையிலேயே முடிவு தெரிந்துவிட்டது. 225இல் 159 ஆசனம் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு. எங்கள் இரத்தினபுரி மாவட்டத்தின் பதினொன்றில் எட்டு அவர்களுக்கே. அந்த எட்டில் ஒருவர் மலையகத் தமிழரான சுந்தரலிங்கம் பிரதீப். லயத்தில் பட்டாசு. நாடு முழுவதும் வாக்களித்தோர் 68.93 வீதம், செப்டம்பரில் 79.46. இரண்டு மாதத்தில் இத்தனை பேர் சலித்துவிட்டார்களா?

நவம்பர் 21, வியாழன்

பிரதீப் பெருந்தோட்ட, சமூக உட்கட்டமைப்புப் பிரதி அமைச்சராகிவிட்டார். சந்தோஷம்தான். லயத்துக்கும் ரோட்டுக்கும் இனி அவரிடம் கேட்கலாம். ஆனால் பள்ளிக்கூடக் கூரையும் மாகாண ஆஸ்பத்திரியும் அவர் அமைச்சுக்குள் வராது. அவற்றைக் கேட்க நாம் தெரிவு செய்த ஆள் ஒருவரும் இல்லை. மூன்றில் இரண்டுக்கு மேல் பலம் உள்ள பாராளுமன்றத்துக்கு அந்த மாகாணத் தேர்தல் சட்டத்தைத் திருத்துவது பெரிய வேலையல்ல. நம்மிடம் வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர்கள் முதலில் மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கச் சொல்லட்டும்.