கரப்புச் சாச்சியின் கேள்வி

பாரசீகத்துத் தாய்மார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையொன்று உண்டு. குவைத்தில் நான் கணக்கெழுதிப் பிழைத்த நாட்களில், எங்கள் குடியிருப்பின் கீழே ரொட்டி சுட்டு விற்ற ஈரானியப் பெரியவர் பாதி அரபியிலும் பாதிச் சைகையிலுமாக அதனை எனக்குச் சொன்னார்.

கதையின் நாயகி ஒரு கரப்பு. பெயர் காலே சூஸ்கே. ‘காலே’ என்பது தாயுடன் பிறந்தவளைக் குறிக்கும் சொல்லாதலின், நம் வீட்டு வழக்கில் ‘கரப்புச் சாச்சி’ எனலாம். வறியவரான தந்தை, இனி உன்னைக் காக்க என்னால் இயலாது, ஹமதானுக்குச் சென்று மணமுடித்துக்கொள் என்று அனுப்புகிறார். வெங்காயத் தோலில் ஆடையும் பூண்டுத் தோலில் முக்காடும் அணிந்து அவள் புறப்படுகிறாள். வழியில் மளிகைக்காரர் பெண் கேட்கிறார், கசாப்புக்காரர் கேட்கிறார். சாச்சி அவர்களுடைய குலத்தையோ பொருளையோ விசாரிக்கவில்லை. நாளை நமக்குள் பிணக்கு வந்தால் என்னை எதனால் அடிப்பீர் என்று மட்டுமே வினவுகிறாள். எடைக்கல்லால் என்கிறார் முன்னவர். வெட்டுக்கத்தியால் என்கிறார் பின்னவர். கடைசியில் வந்தவர் ஓர் எலியார். மெல்லிய என் வாலால் என்கிறார். மெய்யாகவா என்று மீண்டும் கேட்கிறாள். மெய்யாக அடிப்பேனா, வாலைச் சுருமாவில் தோய்த்து உன் கண்ணுக்குத் தீட்டுவேன் என்கிறார்.

கரப்புக்கும் எலிக்கும் நிக்காஹ் நடந்தது. அவள் நீரில் விழுந்தபோது, எலியார் காரட் கிழங்கைக் கொறித்து ஏணியாக்கி அவளைக் கரையேற்றினார். 1968ஆம் ஆண்டு ஷீராஸ் கலைவிழாவில் மேடையேறிய பீஜன் முஃபீதின் விலங்கு முகமூடி நாடகத்திலும் இவ்விணைக்கு இடமுண்டு. கதையின் முடிவு துயரமானது. நோயுற்ற கணவருக்காக அவள் காய்ச்சிய ஆஷ் கஞ்சியிலேயே அவர் தவறி விழுந்து மாண்டார். அன்று உடுத்த கறுப்பை அவள் களையவேயில்லையாம். இவ்விடத்தில் பெரியவர் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டார்.

அன்று நான் சிரித்தேன். ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் என் உடன்பிறந்தாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பெரியவர்கள் மூவர் சென்றோம். அவர்களுள் நானும் ஒருவன். கடை சொந்தமா, வாடகையா என்று கேட்டோம். பாட்டனார் பெயரைக் கேட்டோம். குஃபு, அதாவது இணைக்கு இணையான பொருத்தம், குறைவின்றி இருந்தது. பதினான்கு மாதங்களில் அவள் திரும்பி வந்தாள். இடக்கை மணிக்கட்டு வளைந்திருந்தது. எவ்வளவோ கட்டுப்போட்டும் அது நேராகவில்லை.

ஷாஃபி, ஹனஃபி நூல்கள் இரண்டும் குஃபுவைப் பேசுமிடத்துத் தொழிலையும் எண்ணுகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் முஸ்லிம் ஷரீபில் உள்ள ஒரு செய்தியை நாங்கள் மூவருமே அறிந்திருந்தோம், நினைக்கத்தான் இல்லை. குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இத்தாவுக்குப் பின் முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் பெண் கேட்டனர். அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் யோசனை கேட்டார். முன்னவர் கையில் பொருளில்லை, பின்னவர் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்றார்கள் பெருமானார். தடி என்பதற்கு ஓயாத பயணம் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. ஆயினும் அதே நூலின் மற்றோர் அறிவிப்பு, பெண்களை அடிப்பவர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உஸாமாவை மணந்துகொள்ளுமாறு அவர்கள் கூறினார்கள். உஸாமா (ரலி) விடுதலை பெற்ற அடிமையின் மகன். ஃபாத்திமாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. மணந்த பின்னரோ, பிறர் பொறாமை கொள்ளுமளவு நன்மை கண்டதாக அவரே அறிவித்திருக்கிறார்.

மருமகளுக்கு இரண்டாவது வரன் வந்தபோது நான் எவரையும் உடன் அழைக்கவில்லை. மாப்பிள்ளை ஒரு தையற்காரர். கடையில் தனியே இருந்தார். கரப்புச் சாச்சியின் கேள்வியை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார்.

“எனக்குக் கோபம் வரும், மாமா. வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுவேன்” என்றார்.

போகத்தான் செய்கிறார். இரவு நேரத்தில் அவர் பள்ளிவாசல் திண்ணையில் தனியே உட்கார்ந்திருப்பதை இருமுறை கண்டிருக்கிறேன். பார்க்காதவன்போல் கடந்து வந்தேன். அவர் எங்களுக்கு இணையான இடமல்ல என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள்.