பழைய மடிக்கணினியும் பாரம் கூடிய இணையமும்

ஈய எழுத்துக்களைக் கையால் கோத்துப் பத்திரிகை அச்சடித்த காலத்தை அறிந்தவர்களுக்குக் கணினியின் நினைவகத்தைப் பற்றி விளக்குவது மிகவும் சுலபம். ஆச்சரியமாக இருக்கிறதா? சற்றுப் பொறுங்கள்.

அச்சுக்கோப்பாளருக்கு முன்னால் சிறு சிறு அறைகள் கொண்ட எழுத்துப் பெட்டி இருக்கும். அதிலிருந்து எழுத்துக்களை எடுத்துக் கோத்துத்தான் பக்கம் உருவாகும். பெட்டியில் இருப்பதோ அளவான எழுத்துக்கள். கோத்த பக்கங்களை எல்லாம் நூலால் கட்டி மேசையில் அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ‘க’ இராது. பிறகு ‘த’ இராது. வந்திருக்கும் செய்தி எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் வேலை நின்றுவிடும். அச்சாகி முடிந்த பக்கத்தை அவிழ்த்து, எழுத்துக்களை உரிய அறைகளில் பிரித்துப் போட்ட பின்னரே அடுத்த பக்கத்தைத் தொடலாம்.

கணினியிலும் நடப்பது ஏறக்குறைய இதுவேதான். நினைவகம் எழுத்துப் பெட்டி. உலாவியில் நாம் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு டேபும் கட்டி வைத்த ஒரு பக்கம். ஒரு வித்தியாசம் உண்டு. நினைவகம் நிரம்பியதும் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. உள்ளவற்றில் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி இடம் எடுத்துக்கொள்ளும். சுழலும் வன்தட்டோ நினைவகத்தைவிடப் பல மடங்கு மெதுவானது. அங்கே கொண்டுபோய் வைப்பதும் திரும்ப எடுத்து வருவதுமே முழுநேர வேலையாகிவிடும்போது வன்தட்டின் சிறு விளக்கு ஓயாமல் மின்னும், சுட்டி அசையாது, தட்டிய எழுத்து திரையில் தோன்றாது. இதைத்தான் ‘கணினி உறைந்துவிட்டது’ என்கிறோம்.

என்னுடைய மடிக்கணினி 2012ஆம் ஆண்டு வாங்கியது. 4 ஜிகாபைட் நினைவகம், சுழலும் வன்தட்டு. விண்டோஸ் 7 உடன் வந்து பின்னர் விண்டோஸ் 10க்கு மாறியது. சில காலமாக உலாவியைத் திறந்தாலே உறைந்தது. திருத்துபவரிடம் கொண்டு சென்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஐயா, இதைத் திருத்துற காசுக்குப் புதுசு ஒண்டு வாங்குங்கோ” என்றார்.

அவர் தமது தொழிலின் நியாயத்தைச் சொன்னார். எனக்கு வேறு நியாயங்கள் இருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதன் பின்னர் இறக்குமதிப் பொருட்களின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தனியார் பத்திரிகையில் உழைத்தவனுக்கு ஓய்வூதியமும் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியோடு சரி.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்த போது, பல ஆண்டுகளாகக் கத்தரித்து ஒட்டி வைத்திருந்த என் கட்டுரைகள் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வந்த போது ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. இந்தக் கதை எனக்கு மட்டும் உரியதல்ல. எங்களில் எத்தனையோ பேருடைய கதை. இன்று அவற்றைத் தேடக்கூடிய இடம், வருடி இணையத்தில் ஏற்றப்பட்ட பழைய பத்திரிகைகளே. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகள் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் உலகின் எந்த மூலையிலும் படிக்க வழி செய்திருக்கின்றன. ஆனால் அவற்றைத் திறக்க உலாவி உறையாமல் இருக்கவேண்டுமே!

வருடிய பக்கம் ஏன் இவ்வளவு பாரம்? ஒரு கணக்குப் பார்ப்போம். ஏ3 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் வருடினால் ஒரு கோடியே 74 இலட்சம் புள்ளிகள் வரும். கோப்பாகச் சுருக்கி வைத்திருக்கும்போது அதன் அளவு சிறியது. முழு அளவில் திரைக்கு விரிக்கும்போது புள்ளிக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 70 மெகாபைட் நினைவகம் வேண்டும். எட்டுப் பக்கங்கள் விரிந்தால் 550 மெகாபைட்டுக்கு மேல்!

உலாவிகளின் அமைப்பும் மாறிவிட்டது. 2008 செப்டெம்பரில் வெளிவந்த கூகிள் குறோம், டேபுகளைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்கியது. ஒன்று விழுந்தாலும் மற்றவை பிழைக்கும் என்பது அதன் நன்மை. நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பது அதன் விலை. பயர்பொக்ஸும் 2016 முதல் இவ்வழிக்கு வந்தது. 2018இல் ‘ஸ்பெக்டர்’ என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியான பின்னர் குறோம் ஒவ்வொரு தளத்தையும் தனியறையில் அடைத்தது. அதனால் 10 முதல் 13 சதவீதம் வரை கூடுதல் நினைவகம் தேவைப்படும் என்று கூகிளே அறிவித்தது. ஆகவே உலாவியைத் திட்டிப் பயனில்லை. பூட்டுக்கள் கூடிய வீட்டில் சாவிக்கொத்தும் பாரமாகத்தான் இருக்கும்.

இனி நான் செய்தவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவக்கூடும்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். விண்டோஸில் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்ற பட்டியல் வரும். குறோம், பயர்பொக்ஸ் இரண்டினுள்ளும் ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் அழுத்தினால், எந்த டேப் குற்றவாளி என்பதே தெரிந்துவிடும். அதனை மட்டும் மூடலாம். முழு உலாவியையும் மூடத் தேவையில்லை.

அடுத்து, எப்போதோ சேர்த்து மறந்துபோன நீட்சிகளை நீக்குங்கள். குறோமின் அமைப்புகளில் நினைவகச் சேமிப்பு வசதியை இயக்குங்கள். பார்க்காத டேபுகளை அது தானே இறக்கி வைக்கும். பழைய கணினிகளில் வன்பொருள் முடுக்கம் என்ற அமைப்பை நிறுத்தினால் சில வேளைகளில் உறைவது குறையும். பெரிய பி.டி.எப். கோப்புக்களை உலாவிக்குள் திறக்காமல் தரவிறக்கி, இலேசான வாசிப்பு மென்பொருளில் திறவுங்கள். காற்றாடியில் படிந்த தூசியையும் துடைப்பியுங்கள். சூடேறிய கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

விளம்பரத் தடுப்பு நீட்சி ஒன்றைச் சேர்த்தால் பக்கங்கள் பாதி பாரம் குறைந்தாற்போல் திறக்கின்றன. இங்கேதான் என் மனம் தடுமாறியது. விளம்பரம் தந்த வருவாயில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தவன் நான். விளம்பரம் இல்லாவிட்டால் பத்திரிகை இல்லை. ஆயினும், நாங்கள் அச்சிட்ட விளம்பரம் பக்கத்தின் மூலையில் மௌனமாக இருந்தது. வாசகனைப் பின்தொடர்ந்து வேவு பார்க்கவில்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: நான் நாளாந்தம் வாசிக்கும் செய்தித்தளங்களுக்குத் தடையை விலக்கியிருக்கிறேன், ஏனையவற்றுக்குத் தடை தொடர்கிறது. நீங்கள் வேறுவிதமாக முடிவெடுக்கலாம்.

இவ்வளவும் செலவில்லாத வைத்தியம். இவற்றால் பாதி குணம் கிடைத்தது. மீதிக்குப் பணம் செலவழிக்க வேண்டியிருந்தது. பாவித்த 4 ஜிகாபைட் டி.டி.ஆர். 3 நினைவகத் துண்டொன்றை வாங்கி வெற்றிடத்தில் செருகியதும் மொத்தம் 8 ஆனது. வாங்குமுன் உங்கள் கணினிக்குப் பொருந்தும் வகையையும் மின்னழுத்தத்தையும் உறுதி செய்யுங்கள். 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் போட்டும் பயனில்லை. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தியதே மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்க மாட்டா. நான் லினக்ஸ் மின்ட்டின் இலேசான பதிப்பொன்றுக்கு மாறினேன். இலவசம், தமிழ் யூனிகோட் தட்டச்சும் உண்டு. மாற்றுமுன் அனைத்தையும் இரண்டு இடங்களில் பிரதி எடுத்தேன். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகவே தெரியும்.

உறையாத கணினியில், 1980களின் இதழ் ஒன்றைக் கடந்த மாதம் முழுமையாகத் திறந்தேன். நான் தேடிய என் கட்டுரை அதில் இல்லை. ஆனால் இன்று உயிரோடு இல்லாத சக நிருபர் ஒருவரின் பெயர் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. பக்கத்தைப் பெருப்பித்து அவருடைய செய்தியை இரண்டு முறை வாசித்தேன். செலவழித்த பணம் அத்துடன் தீர்ந்தது.

புலம்பெயர்ந்து வாழும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள தாய் தந்தையர் “கொம்பியூட்டர் வேலை செய்யுதில்லை” என்று தொலைபேசியில் சொன்னால், உடனே புதியதொன்றை அனுப்பிவிட்டுப் பழையதை எறியச் சொல்லாதீர்கள். முதலில் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.