90 பெருசா, 126 பெருசா?

1/ ஒண்ணாப்பு பிள்ளைகூட 126-ன்னு சொல்லிடும். ஆனா கம்ப்யூட்டர்கிட்ட தப்பான குறியில் கேட்டா "90தான் பெருசு"ன்னு அடிச்சுச் சொல்லும். இதுல டாக்டருக்கு என்ன வேலைங்கிறீங்களா? உங்க சுகர் ரிசல்ட் சம்பந்தப்பட்ட விஷயம்ங்க.

2/ மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் சுகர் முகாம். வெறும் வயித்துல 126-ஐத் தாண்டினவங்களுக்கு "சுகர் அதிகம்"னு சாயங்காலம் மெசேஜ் போகணும். உதவிக்கு வந்த தம்பி பாஷ் ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். அனுப்பும் முன்னாடி லிஸ்ட்டைப் பார்த்தோம். மாத்திரை போடுற ஒரு அம்மாவுக்கு சுகர் 54. பக்கத்துல "அதிகம்".

3/ 70-க்குக் கீழ போனாலே தாழ்சர்க்கரை. முகாம்லயே நர்ஸ் குளுக்கோஸ் கொடுத்துட்டாங்க. ஆனா ராத்திரி அந்த மெசேஜைப் பார்த்துப் பயந்து இன்னொரு மாத்திரை போட்டிருந்தா? மயக்கம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து.

4/ ஏன் இப்படி? 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்த போர்ன் ஷெல் காலத்துலேர்ந்தே ஷெல்லுக்கு எல்லாம் எழுத்துதான். பாஷில் [[ ]]-க்குள்ள '>' போட்டா அகராதி வரிசையில் பார்க்கும். 'க'வுக்குப் பின்னாடி 'ச' வர்ற மாதிரி, 1-க்குப் பின்னாடி 5. அதனால 126-ஐவிட 54 "பெருசு". எத்தனை இலக்கம்னு பார்க்காது.

5/ ஒற்றை [ ]-க்குள்ள '>' போட்டா இன்னும் மோசம். ஒப்பிடவே ஒப்பிடாது. '126'ங்கிற பேர்ல ஒரு காலி ஃபைலை உருவாக்கிட்டு "ஆமா"ன்னு சொல்லிடும்.

6/ எண்ணாப் பார்க்க 'மைனஸ் ஜிடி', சமமான்னு கேட்க 'மைனஸ் இக்யூ'. '=' எழுத்தைத்தான் பார்க்கும். ஓபி சீட்டு 007-ம் 7-ம் '='-க்கு ரெண்டு ஆள், மைனஸ் இக்யூவுக்கு ஒரே ஆள். ஓபி நம்பர், பின்கோடு, போன் நம்பர் எல்லாம் பேர் மாதிரி. சுகர், பிரஷர், வயசு கணக்கு.

7/ இன்னொரு குழி: மைனஸ் ஜிடிக்கு முழு எண் மட்டும்தான் தெரியும். ஹெச்பிஏ1சி 6.8-ன்னு கொடுத்தா எர்ரர் காட்டிட்டு 'எல்ஸ்' பக்கம் போயிடும். அங்க "நார்மல்"னு எழுதியிருந்தா, 6.5-ஐத் தாண்டின சர்க்கரை நோயாளியும் நார்மல். டெஸ்ட்டே எடுக்காம காலியா கிடக்கிற கட்டமும் நார்மல்!

8/ ஸ்கிரிப்ட் எழுதுற தம்பி தங்கச்சிகளுக்கு: வந்தது எண்தானான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா "தெரியலை"ன்னு தனியா ஒதுக்குங்க. புள்ளி வெச்ச எண்ணை 'ஆக்'கிட்ட கொடுங்க. 54, 90, 126, 410, காலி, இந்த அஞ்சையும் போட்டுச் சோதிங்க.

9/ மத்தவங்களுக்கு: "அதிகம்", "நார்மல்"னு வெறும் வார்த்தை வந்தா நம்பரைக் கேட்டு வாங்குங்க. நம்பர் பார்க்காம மாத்திரையைக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க.