பிடிஎப் ஆக்க எந்த அப் நல்லது, சேர்?



கொஞ்ச நாளாக எங்கள் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் வட்ஸ்அப் குழுவிலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் கேள்வியைத்தான் தலைப்பாகப் போட்டிருக்கிறோம். உயர் தரம் முடித்த பிள்ளை விண்ணப்பத்துக்குக் கேட்கிறது. கட்டாருக்குப் போகப்போகும் தம்பி ஏஜென்சிக்கு அனுப்பக் கேட்கிறார். காணி உறுதியைச் சட்டத்தரணிக்கு அனுப்ப ஒரு ராத்தா கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் போட்டு முடியவில்லை. எங்களில் யாரும் கணினித்துறையில் பட்டம் எடுத்தவர்கள் அல்ல. கல்வியியற் கல்லூரியில் தமிழும் ஆரம்பக் கல்வியும் படித்துவிட்டு வந்து, "கொம்பியூட்டர் கொஞ்சம் தெரியும்" என்று சொன்ன குற்றத்துக்காகப் பாடசாலையில் எல்லா வினாத்தாளையும் தட்டச்சு செய்கிறவர்கள். அந்த அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு வாசியுங்கள்.

எந்த அப் என்று கேட்டால் நாங்கள் முதலில் திருப்பிக் கேட்பது, "என்ன ஆவணம்?" என்றுதான். பிள்ளையின் மாதிரி வினாத்தாளும் வாப்பாவின் காணி உறுதியும் ஒன்றல்ல. வினாத்தாள் ஊரெல்லாம் போனால் நல்லது. உறுதி போகக்கூடாது. இதை யோசிக்காமல் "பிரீ பிடிஎப்" என்று கூகிளில் அடித்து, முதலாவதாக வரும் இணையத்தளத்தில் கொண்டுபோய்ப் போடுவதுதான் இப்போது ஊரில் நடக்கிறது.

பிடிஎப் என்பது அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்ட ஒரு கோப்பு வடிவம். எந்தக் கருவியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 2008 இல் அது சர்வதேசத் தரமாக, ஐஎஸ்ஓ 32000 என்ற இலக்கத்தோடு வெளிவந்தது. அதற்குப் பிறகு அது ஒரு கம்பனியின் தனிச்சொத்து இல்லை. யாரும் அதை உருவாக்கும் மென்பொருள் செய்யலாம், செய்திருக்கிறார்கள். அதனால்தான் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் சாமான்களே போதும் என்று சொல்கிறோம்.

வேர்ட் 2010 அல்லது அதற்குப் பிந்தியது வைத்திருப்பவர்கள் 'சேவ் அஸ்' போய் வகையில் பிடிஎப் என்று தெரிவு செய்தால் முடிந்தது. விண்டோஸ் 10 வந்த 2015 இலிருந்து 'மைக்ரோசொப்ட் பிரின்ட் டு பிடிஎப்' என்று ஒரு பிரின்டர் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பிரின்ட் எடுக்கக்கூடிய எதையும் அதால் பிடிஎப் ஆக்கலாம். வேர்ட் வாங்கக் காசில்லாமல் களவுப் பிரதி போட்டிருப்பவர்கள் (யார் யார் என்று கேட்க மாட்டோம்) லிப்ரே ஒபிஸைப் போட்டுப் பாருங்கள். முற்றிலும் இலவசம், ஹலாலும்கூட. பிடிஎப் ஆக்கும் பொத்தான் மேலேயே இருக்கும். இணைய இணைப்பே தேவையில்லை.

போனில் என்றால் அன்ட்ரொய்டில் 'பிரின்ட்' என்பதை அழுத்துங்கள். பிரின்டர் பெயர் வரும் இடத்தில் 'சேவ் அஸ் பிடிஎப்' என்று ஒரு தெரிவு இருக்கும். 2013 இல் வந்த அன்ட்ரொய்ட் 4.4 இலிருந்தே அது இருக்கிறது. கடதாசியைப் படம் பிடித்துப் பிடிஎப் ஆக்க வேண்டுமென்றால் கூகிள் டிரைவுக்குள் 'ஸ்கேன்' இருக்கிறது. ஐபோன்காரர்களுக்கு 'நோட்ஸ்' என்பதற்குள்ளேயே இருக்கிறது. கூகிள் டிரைவும் ஒரு கம்பனியின் சேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் சொந்தக் கணக்குக்குள் போகிறது, அழிப்பதும் உங்கள் கையில். பெயர் தெரியாத ஒரு தளத்தில் போடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், சில மாதங்களுக்கு முன் நகரில் ஒரு கொமினிகேஷன் கடையில் ஒரு படிவம் பிரின்ட் எடுக்கப் போயிருந்தோம். எங்கள் கோப்பைத் தேடுவதற்காகக் கடைப் பையன் 'டவுன்லோட்ஸ்' பெட்டியைத் திறந்தார். திரை நிறைய அடையாள அட்டைகள். பிறப்புச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டின் முதல் பக்கங்கள், ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை. பையன் நல்ல பையன், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. யாரும் அழிக்கச் சொல்லவில்லை, அவரும் அழிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த வரிசையில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் மூன்று இருந்தன.

எங்கள் நாட்டு அடையாள அட்டை இலக்கம் சும்மா ஓர் எண் அல்ல. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதனோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைப் பார்த்தாலே ஒருவரின் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அதோடு முகமும் முகவரியும் சேர்ந்த பிரதி ஒன்று தவறான கைக்குப் போனால், உங்கள் பெயரில் சிம் எடுக்கவோ கடனுக்கு விண்ணப்பிக்கவோ பார்ப்பவர்களுக்கு அதுவே மூலதனம்.

கடைக் கணினி கண்ணுக்குத் தெரிகிறது. இணையத்தளம் தெரிவதில்லை. "இலவசமாக மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் தளத்தில் கோப்பைப் போடும்போது, அது இன்னொரு நாட்டில் யாருடையதோ ஒரு கணினிக்குப் போய்த்தான் மாறி வருகிறது. ஒழுங்கான தளங்கள் சில மணி நேரத்தில் அழித்துவிடுவதாக எழுதி வைத்திருக்கின்றன. ஒழுங்கில்லாதவையும் அதையேதான் எழுதி வைத்திருக்கும். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் எப்பிஐ, டென்வர் அலுவலகம் மூலம், இப்படியான இலவச மாற்றித் தளங்களைப் பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விட்டது. மாற்றித் தருகிற கோப்போடு தீய மென்பொருளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், போட்ட கோப்பிலிருந்து தனிப்பட்ட விபரங்களையும் உருவி எடுக்கிறார்கள் என்பது அதன் சாரம். பெரிய பெயர் என்பதும் முழுப் பாதுகாப்பில்லை. ஊரில் எல்லோர் போனிலும் இருந்த கேம்ஸ்கேனரின் அன்ட்ரொய்ட் பதிப்பில் விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு பகுதிக்குள் தீய நிரல் இருப்பதை 2019 ஓகஸ்டில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்தது. கூகிள் அதைக் கடையிலிருந்து எடுத்தது. கம்பனி அந்தப் பகுதியை நீக்கித் திருத்திய பிறகு திரும்ப வந்தது. அப்போது அதைத் தரவிறக்கியிருந்தவர்கள் 10 கோடிக்கும் மேல்.

அப்படியென்றால் பிடிஎப்பே வேண்டாம், கடதாசியே போதும் என்று சொல்ல வருகிறோமா? இல்லை. அதைச் சொல்லத் திருகோணமலை மாவட்டத்தில் எவருக்கும் வாய் வராது. 2004 டிசம்பர் 26 அன்று கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் எடுத்துக்கொண்டு போனது உயிர்களையும் வீடுகளையும் மட்டுமல்ல, அலுமாரிக்குள் இருந்த உறுதிகளையும் நிக்காஹ் பதிவுகளையும் பரீட்சைச் சான்றிதழ்களையும்கூட. ஒன்றரை வருடம் கழித்து, 2006 ஓகஸ்டில், மூதூரிலிருந்து கந்தளாய்ப் பக்கம் கால்நடையாகப் போன குடும்பங்கள் கையில் பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பைல் கட்டைத் தூக்க யாருக்கு நேரம்? அதன்பின் ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகப் பிரதேச செயலகத்துக்கும் நடமாடும் சேவைக்கும் அலைந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். இன்றைக்கும் காணியைப் பிள்ளையின் பெயருக்கு மாற்ற முடியாமல் இருக்கிறவர்களை நாம் அறிவோம்.

ஆகவே வீட்டு ஆவணங்கள் அனைத்துக்கும் ஒரு பிரதி இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வீட்டிலேயே, உங்கள் போனிலேயே எடுங்கள். ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரின் வீட்டில் வையுங்கள். இங்கு வெள்ளம் வந்தாலும் அங்கு இருக்கும். வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் பிடிஎப் ஆக்கும்போதே பாஸ்வேர்ட் போடலாம். அந்தப் பாஸ்வேர்டைக் கோப்போடு சேர்த்து வட்ஸ்அப்பில் அனுப்பாமல் கோல் எடுத்துச் சொல்லுங்கள். கடையில்தான் செய்தாக வேண்டும் என்றால் வேலை முடிந்ததும் "தம்பி, அழிச்சு விடுங்க, ரீசைக்கிள் பின்னிலயும் அழிங்க" என்று நின்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி வினாத்தாள் பக்கம் வருவோம். இது முக்கியமாக ஆசிரிய நண்பர்களுக்கு.

நம்மில் அரைவாசிப் பேர் இன்னும் பாமினியில்தான் தட்டச்சு செய்கிறோம். விரல் பழகிவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும் ஊருக்கு ஊர் வேர்ட் கோப்புகள் வட்ஸ்அப்பில் பறந்தன. போனில் பாமினி எழுத்துரு கிடையாது. ஆகவே 'தமிழ்' என்ற சொல் பிள்ளையின் திரையில் ஜே, கே, பீ, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று விழுந்தது. "சேர், இது என்ன பாசை?" என்று உம்மாமார் கேட்டார்கள். பிடிஎப் வந்துதான் காப்பாற்றியது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே கட்டி அனுப்புவதால் எந்தப் போனிலும் தமிழ் தமிழாகத் தெரிந்தது. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே தள்ளிப்போட்ட நேரத்தில், நாங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் இதே பிடிஎப்பில்தான்.

ஆனால் கண்ணுக்குத்தான் அது தமிழ். கோப்புக்குள் இருப்பது அதே ஜே, கே, பீ, ஓ. அதனால் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் அகப்படாது. நகல் எடுத்து ஒட்டினால் பழைய குப்பை வரும். கண்பார்வை குறைந்த பிள்ளை போனில் டோக்பெக் போட்டுக் கேட்டால், அது ஆங்கில எழுத்துகளைத்தான் ஒப்புவிக்கும். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை நாம் வினாத்தாளே கொடுக்கவில்லை. எந்த மென்பொருளால் பிடிஎப் ஆக்கினாலும் இது திருந்தாது. அதற்கு முன் யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வினாத்தாள்தானே, அங்கே தாராளமாக ஒட்டலாம். மாற்றியபின் ஒரு முறை ஒழுங்காக வாசியுங்கள். இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது பாமினி என்று நினைத்துத் தமிழாக்கி வைத்திருக்கும். விஞ்ஞான வினாத்தாளில் இந்தக் கூத்து அதிகம். புதிதாகத் தட்டச்சு செய்கிறவர்கள் யுனிகோடிலேயே தொடங்குங்கள். விசைப்பலகை மென்பொருளில் பாமினி அமைப்பையே வைத்துக்கொண்டு யுனிகோடாக அடிக்கும் வசதியும் உண்டு, விரல் பழக்கத்தை மாற்றத் தேவையில்லை. பிடிஎப் ஆக்கிய பிறகும் மூல வேர்ட் கோப்பை அழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் ஒரு கேள்வியைத் திருத்த வேண்டி வரும்.

பெயர்ப்பட்டியல் அனுப்பும் அதிபர்மாருக்கும் செயலாளர்மாருக்கும் ஒன்று. இலக்கத்தை மறைக்க வேர்டில் அதன் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து பிடிஎப் ஆக்கினால் அது மறைந்ததாகாது. அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகல் எடுத்து ஒட்டினால் வெளியே வந்துவிடும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் போல் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பிடிஎப்பிலேயே இது நடந்தது, பத்திரிகைக்காரர்கள் கறுப்புக் கோட்டின் அடியில் இருந்ததை வாசித்துவிட்டார்கள். மறைக்க வேண்டியதை அழித்துவிட்டே பிடிஎப் ஆக்குங்கள்.

கோப்பு பெரிதாகி "அப்லோட் ஆகுதில்ல" என்பவர்களுக்கு: எழுத்து ஆவணத்தைக் கலரில் ஸ்கேன் பண்ணத் தேவையில்லை, கறுப்பு வெள்ளை போதும். வேர்டில் சேமிக்கும்போது 'மினிமம் சைஸ்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு போய்விடும், 'டொகியுமென்ட்' ஆக அனுப்புங்கள். பல பிடிஎப்களை ஒன்றாக்க, கணினியில் பிடிஎப்சாம் பேசிக் என்ற இலவச மென்பொருள் இணையம் இல்லாமலே வேலை செய்யும்.

பழைய பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் விழா மலர்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கரையான் தின்னும் முன் ஸ்கேன் பண்ணுங்கள். 300 டிபிஐ போதும். சேமிக்கும்போது பிடிஎப்/ஏ என்ற வகை கிடைத்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். நீண்டகாலம் பாதுகாப்பதற்கென்றே 2005 இல் தரப்படுத்தப்பட்டது அது. அதே 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் மலர்களும் பத்திரிகைகளும் இப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. நம் ஊர் மலர்களும் அங்கே போக வேண்டியவை.

சந்தேகம் இருந்தால் கொமண்டில் கேளுங்கள், இன்ஷா அல்லாஹ் மஃரிபுக்குப் பிறகு பதில் போடுவோம். ஆனால் அடையாள அட்டையைப் படமெடுத்துக் கொமண்டில் போட்டு "இது கிளியரா சேர்?" என்று மட்டும் கேட்க வேண்டாம். போன தடவை இரண்டு பேர் கேட்டார்கள்.