திரையும் மூலமும்

பழைய அரபுக் கிதாபுகளைக் கையாண்டவர்கள் அவற்றின் பக்க அமைப்பை நன்கு அறிவார்கள். பக்கத்தின் நடுவே ஒரு கட்டம். அதற்குள் மத்ன் என்னும் மூலமும், அதன் ஷரஹ் என்னும் விரிவுரையும் இருக்கும். கட்டத்திற்கு வெளியே, ஓரங்களில் சாய்ந்தும் வளைந்தும் ஹாஷியா என்னும் ஓரக்குறிப்புகள் ஓடும். எது மூலம், எது ஓரக்குறிப்பு என்று பிரித்தறிவதுதான் மாணவனுக்கு நாங்கள் தொடக்கத்தில் சொல்லித்தரும் பாடங்களுள் ஒன்று. இரண்டும் ஒரே மையில், ஒரே தாளில், ஒரே எழுத்தில் அமைந்தவை. கண்ணுக்கு அவை ஒன்றுபோலவே தோன்றும். அறிவுதான் அவற்றைப் பிரிக்க வேண்டும். அது இயலாதவன் உரையாசிரியரின் சொல்லை நூலாசிரியரின் வாயில் வைத்துவிடுவான்.

பல்லாண்டுகளாக நான் சொல்லிக்கொடுத்து வரும் இப்பாடத்தை, கணினியின் கருந்திரையிலே மறுபடியும் படிக்கும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிட்டியது. கணினிக்கும் இந்த மௌலவிக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் வியக்கலாம். உறவை உண்டாக்கியது ஒரு நோட்டுப் புத்தகம்.

என் உஸ்தாத் அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் அரபுத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து வந்தார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் நூல்களில் வழங்கி, இன்று பாட்டிமாரின் நாவிலும் மறைந்துவரும் சொற்கள் அவை. ஒரு வரியில் அரபு எழுத்தில் சொல். அடுத்த வரியில் தமிழ் எழுத்தில் அதே சொல்லும் பொருளும். உஸ்தாத் மறைந்தபின் அந்த நோட்டு என்னிடம் வந்தது. தாளின் ஓரங்கள் தொட்டாலே உதிர்ந்தன. அதற்கு வேறு படி எங்கும் கிடையாது. அதைக் கணினியில் ஏற்றிவிடுவது என்று உறுதிகொண்டேன். கணினித் தொழிலில் இருக்கும் என் தங்கை மகன், தன் பழைய கணினியொன்றைக் கொடுத்து, அதில் விம் என்னும் எழுத்துத் திருத்தியையும் பழக்கிவிட்டான். “இதில் அலங்காரம் ஒன்றும் இராது மாமா. எழுத்து மட்டுமே இருக்கும். ஐம்பது ஆண்டு கழிந்தாலும் எந்தக் கணினியும் இந்தக் கோப்பைத் திறக்கும்” என்றான். எனக்கு வேண்டியதும் அதுவே.

இந்தத் திருத்தியின் வமிசாவளி சுவையானது. 1969ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்பவர் ‘எட்’ என்னும் திருத்தியை எழுதினார். அன்று பலரிடம் திரையே இல்லை. தாளில் அச்சடிக்கும் டெலிடைப் பொறிதான் இருந்தது. ஆகவே ‘எட்’ தானாக எதையும் காட்டாது. பத்தாம் வரியைக் காட்டு என்று கேட்டால் பத்தாம் வரியை மட்டும் அச்சடித்துக் காட்டும். புரியாத கட்டளையிட்டால் ஒற்றைக் கேள்விக்குறியோடு மௌனமாகிவிடும். எழுதுபவர் நூலைத் தம் மனத்திலேயே வைத்துக்கொண்டு, பாராமலே திருத்த வேண்டும்.

பின்னர்த் திரைகள் வந்தன. 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய் என்பவர், லண்டன் குயின் மேரி கல்லூரியின் ஜார்ஜ் கூலூரிஸ் எழுதியிருந்த ‘எம்’ என்னும் திருத்தியால் தூண்டப்பெற்று, தமது திருத்தியை உருவாக்கினார். அதில் பக்கத்தைத் திரையிலே கண்டு திருத்தும் பகுதியே ‘வி ஐ’ என்று பெயர் பெற்றது. அதை எழுதிய காலத்தில் அவரிடம் இருந்தது ஏ.டி.எம்.3ஏ என்னும் முனையம். இருபத்துநான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து. அதைப் பல்கலைக்கழகக் கணினியோடு இணைத்தது தொலைபேசிக் கம்பிவழி இயங்கிய 300 பாட் மோடம். அதாவது, வினாடிக்கு முப்பது எழுத்துகள். ஒரு முழுத் திரையை நிரப்ப 1,920 எழுத்துகள் வேண்டும்; கணக்கிட்டால் ஒரு நிமிடத்திற்கும் மேலாகிறது. ஒரு சொல்லைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் திரை முழுவதையும் புதிதாக வரைந்தால் யாரால் பொறுத்திருக்க முடியும்?

இந்த வறுமைதான் அந்தத் திருத்திக்குச் சிக்கனத்தைக் கற்றுக்கொடுத்தது. மாறிய இடத்தை மட்டும் வரை. மாறாததைத் தொடாதே என்பது அதன் விதியாயிற்று. ஒரு வரியை நீக்கினால், மெதுவான முனையங்களில் கீழுள்ள வரிகளையெல்லாம் மேலே ஏற்றி வரையாமல், நீக்கிய வரியின் இடத்தில் ‘@’ குறியை மட்டும் இட்டு வைத்தது. ஒரு சொல்லை மாற்றத் தொடங்கினால் பழைய சொல்லை அழிக்காமல், அது முடியும் இடத்தில் ‘$’ குறியை இட்டு, “இதுவரைதான் மாறப்போகிறது” என்று உணர்த்தியது. இக்குறிகள் கோப்பில் இல்லை. திரையில் மட்டுமே உண்டு. இவை ஹாஷியா அன்றி வேறென்ன?

ஹாலந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம், இந்த வி ஐயின் வழித்தோன்றல். அதை இலவசமாக வழங்கிய அவர், பயன்பெறுவோர் உகாண்டா நாட்டின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்டுக்கொண்டார். 2023 ஆகஸ்டில் அவர் காலமானார். பிறர் அப்பணியைத் தொடர்கின்றனர். விம்மிலும் ஓரக்குறிப்புகள் ஏராளம். இடப்புறத்து வரி எண்கள், கோப்பு முடிந்தபின் வெற்றிடத்தைக் காட்டும் ‘~’ குறிகள், திரையில் இடம் போதாத நீண்ட வரியைக் குறிக்கும் ‘@’ குறிகள் ஆகிய எவையும் மூலத்தைச் சேர்ந்தவை அல்ல. நீண்ட வரி மடிந்து மூன்று வரியாகத் தோன்றினாலும், கோப்பில் அது ஒரே வரிதான். வேறேதோ செய்தி திரையின் குறுக்கே வந்து விழுந்து எழுத்தெல்லாம் சிதறித் தோன்றினாலும் கலங்க வேண்டுவதில்லை. கண்ட்ரோல் விசையோடு எல் விசையை அழுத்தினால் திரை புதிதாக வரையப்படும். சிதறியது திரை, மூலம் அப்படியே இருக்கும்.

திரையைப் போலவே அறிய வேண்டிய மற்றொன்று, நிலை. இந்தத் திருத்தியில் ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும், மற்றொரு நிலையில் கட்டளையாகவும் தொழிற்படும். எழுதும் நிலையில் எக்ஸ் விசையை அழுத்தினால் எக்ஸ் என்னும் எழுத்து விழும். கட்டளை நிலையில் அழுத்தினால் கர்சரின் கீழுள்ள எழுத்து அழியும். எஸ்கேப் விசை நம்மைக் கட்டளை நிலைக்குத் திருப்பிக் கொண்டுவரும். புதியவர்கள் இதைக் கண்டு மிரளுவதுண்டு. அரபு இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. ‘மா’ என்னும் சிறு சொல் ஓரிடத்தில் ‘இல்லை’ என்று மறுக்கும், ஓரிடத்தில் ‘என்ன?’ என்று வினவும்; ஓரிடத்தில் ‘எதுவோ அது’ என்று சுட்டும். நம் தமிழில் ‘ஆறு’ என்பது நதியாகவும், எண்ணாகவும், ‘தணிவாயாக’ என்னும் ஏவலாகவும் வருகிறதே! சொல் ஒன்றே, அது நிற்கும் நிலைதான் பொருளைத் தருகிறது.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான சம்பவத்திற்கு வருகிறேன்.

நோட்டின் ஒரு பகுதியைத் தட்டச்சு செய்ய ஓர் அச்சகத்தாரிடம் கொடுத்திருந்தேன். அவர்களுடைய தட்டச்சாளர் கடும் உழைப்பாளி. ஆனால் அவர் பயன்படுத்திய முனையம் அரபை அறியாதது. அரபு எழுத்துகள் கோப்பில் நாம் ஓதும் வரிசையிலேயே பதிகின்றன. முதலெழுத்து முதலில், இரண்டாமெழுத்து இரண்டாவதாக. அவற்றை வலமிருந்து இடமாக வைத்து, ஒன்றோடொன்று சேர்த்துக் காட்டுவது திரையின் கடமை. அந்தக் கடமையை அறியாத திரை, எழுத்துகளை இடமிருந்து வலமாகத் தனித்தனியே நிறுத்திக் காட்டியது. சொல் தலைகீழாகத் தெரிவதைக் கண்ட தட்டச்சாளர், திரையைத் திருத்துவதற்குப் பதிலாக மூலத்தைத் திருத்திவிட்டார். ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்திலிருந்து தொடங்கித் தட்டினார். அவருடைய திரையில் அது ஓரளவு சரியாகவே தெரிந்தது. கோப்பிலோ நாற்பது பக்கங்கள் தலைகீழாயின. அரபு அறிந்த வேறொரு கணினியில் அதைத் திறந்தபோது ஒரு சொல்லும் சொல்லாக இல்லை.

தங்கை மகன் அதைத் திருப்பிப் போட ஒரு கட்டளை எழுதினான். எழுத்துகள் வரிசைக்கு வந்தன; ஆனால் புதிய கேடு ஒன்று தலைகாட்டியது. ஸபர், ஸேர், பேஷ் முதலான உயிர்க்குறிகள் தமக்குரிய எழுத்தைத் தொடர்ந்து பதியப்படுபவை. முழு வரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு திருப்பினால், குறி தன் எழுத்துக்கு முன்னே போய்விடும். போகவே, பக்கத்து எழுத்தின்மீது ஏறிக்கொள்ளும். இதன் விளைவு என்ன என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஐன், லாம், மீம் என்னும் மூன்றே எழுத்துகள், ‘அலிம’ எனக் குறியிட்டால் ‘அறிந்தான்’. ‘இல்ம்’ எனக் குறியிட்டால் ‘அறிவு’. ‘அலம்’ எனக் குறியிட்டால் ‘கொடி’. குறி ஒன்று இடம் பெயர்ந்தால் அறிவு கொடியாகிவிடும். ஆகவே எழுத்தையும் அதன் குறியையும் ஒரே அலகாகப் பிணைத்துத் திருப்புமாறு கட்டளையை மாற்றி எழுதினோம். அதன் பின்னும் ஒவ்வொரு சொல்லையும் உஸ்தாதின் கையெழுத்தோடு வைத்து ஒப்பிட்டேன். ஐயம் எழுந்த இடங்களில், கட்டளை நிலையில் ஜி, ஏ என்னும் விசைகளை அடுத்தடுத்து அழுத்தினேன். கர்சர் நிற்கும் எழுத்தும், அதன்மீது ஏறியுள்ள குறிகளும் இன்னின்னவை என்று அவற்றின் எண்களோடு விம் சொல்லிவிடும். இது திரையிடம் கேட்பதன்று. மூலத்திடமே நேராகக் கேட்பது.

தமிழுக்கும் இதே சோதனை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் கொம்பைத்தான் முதலில் அடித்தோம். ஒருங்குறிக் கோப்பிலோ ககரம் முதலில், கொம்பு அதன் பின்னால். ஒலிக்கும் முறை அது. காணும் முறை இது. இதை அறியாத முனையங்களில் கொம்பு இடம் மாறித் தனித்து நிற்பதைக் காணலாம். அதைக் கண்டு கோப்பைத் திருத்தப் புகுந்தால், அச்சகத்தில் அரபுக்கு நேர்ந்தது தமிழுக்கும் நேரும்.

விம்மில் இதற்கொரு நல்வழி இருந்தது. ஒரே கோப்பை இரண்டு சாளரங்களில் திறக்கலாம். வலமிருந்து இடமாகக் காட்டும் ஏற்பாடு அந்தந்தச் சாளரத்திற்கு மட்டுமே உரியது. எனவே மேற்சாளரத்தில் அரபு வரிகளைப் படித்தேன். அங்கே தமிழ் தலைகீழாய்த் தெரிந்தது. கீழ்ச்சாளரத்தில் தமிழைப் படித்தேன். அங்கே அரபு தலைகீழாய்த் தெரிந்தது. ஒன்றில் ஓர் எழுத்தைத் திருத்தினால் மற்றதிலும் அக்கணமே திருந்தியது. காட்சி இரண்டு, மூலம் ஒன்று. அரபுத் தமிழுக்கென்று நம் முன்னோர் வகுத்த எழுத்துகளுள் சில அங்கே சேராமல் தனித்தே நின்றன. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். கோப்பில் அவை முறையாகவே உள்ளன.

மின்வெட்டுக்குப் பெயர்போன நம் ஊர்களில், சேமிக்குமுன் விளக்கு அணைந்தால் என்னாகும் என்ற கவலை எழும். திரையில் காண்பது இன்னும் கோப்பாகவில்லை. அது கணினியின் நினைவில் மட்டுமே நிற்கிறது. முக்காற்புள்ளியிட்டு டபிள்யூ தட்டி என்டரை அழுத்தினால்தான் கோப்பாகும். ஆயினும் விம் ஒரு மறைவான துணைக்கோப்பை வைத்திருக்கிறது. இருநூறு எழுத்துகள் தட்டியதும், அல்லது நான்கு வினாடி கை ஓய்ந்ததும், மாற்றங்களை அதில் குறித்து வைக்கும். ஒரு மாலை அப்படி மின்சாரம் போய்த் திரும்பியபோது, கோப்பைத் திறந்ததுமே “துணைக்கோப்பு ஒன்று இருக்கிறது, மீட்கவா?” என்ற கருத்தில் அது கேட்டது. மீட்டதை வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டு, சரியென்று கண்ட பின்னரே துணைக்கோப்பை நீக்கினேன். இரு பிரதிகளில் எது சரியானது என்று ஒப்பிடாமல் ஒன்றைக் கிழித்தெறிவது எழுத்தாளர் மரபன்று.

செய்ததைப் பின்வாங்கவும் வழியுண்டு. யூ விசை ஒவ்வொரு மாற்றமாகப் பின்னே செல்லும். கண்ட்ரோலும் ஆர் விசையும் சேர்ந்து மீண்டும் முன்னே செல்லும். “பத்து நிமிடத்திற்கு முன்பிருந்த நிலையைக் காட்டு” என்று கட்டளையிட்டாலும் காட்டும். 2010இல் வெளிவந்த பதிப்பு முதல், ஏற்பாடு செய்து வைத்தால், கோப்பை மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் இந்த வரலாறு அழியாமல் இருக்கும்.

நாற்பது பக்கங்களும் இப்போது செம்மையாகிவிட்டன. மூன்று இடங்களில் படிகள் எடுத்து வைத்திருக்கிறோம். உஸ்தாதின் மகளார் தம் தந்தையின் சொற்களைப் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறார்கள்.

இதிலிருந்து நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவே. உங்கள் இல்லங்களிலும் பாட்டனாரின் நோட்டுகளும் பழைய கடிதங்களும் இருக்கும். அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது எழுத்து தவறாகத் தெரிந்தால் உடனே அழிக்கவோ திருத்தவோ கை நீட்டாதீர்கள். தவறு மூலத்தில் இருக்கிறதா, காட்சியில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். காட்சியின் பிழையைக் காட்சியில் திருத்துங்கள். மூலத்தின் பிழையை மூலத்தில் திருத்துங்கள்.