ஒரு சாண் இறக்கம்

2024 ஆகஸ்ட் 28, புதன்

பரணிலிருந்து தென்னமட்டைக் கட்டை இழுத்தபோது கூடவே நான் எறிகிற குண்டும் உருண்டு விழுந்தது. இருக்கிற ஒரு நல்ல கால் தப்பியது. நாலு கிலோ. துரு ஏறி, தொட்டால் உள்ளங்கையில் செம்மண்ணாக ஒட்டுகிறது. கடைசியாக இதைக் கையில் எடுத்தது 2018 நவம்பரில்.

ராத்திரி பாரிசில் பாராலிம்பிக் தொடக்க விழா. பாப்பா போனில் வைத்துக் கொடுத்தாள். இந்தியக் கொடி வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் குளமங்கலம். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டியில் நானும் அம்மாவும். மாசி மகத்தன்று வந்தால் பெருங்காரையடி மீண்ட அய்யனாரின் குதிரை காகிதப்பூ மாலைக்குள் காணாமல் போயிருக்கும். லாரி லாரியாக மாலை வரும். இன்று வெறும் உடம்போடு நின்றது. அந்த உயரத்தை அண்ணாந்து பார்த்தால் இப்போதும் கழுத்து வலிக்கிறது.

எனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் கண்டு இடது கால் சூம்பியது. போலியோ. அம்மா மண்ணில் கால் செய்து இந்த அய்யனாருக்குக் கொண்டுவந்து வைத்தாள். பதினேழு வயதில், எல்லாரையும் கடித்துக் குதறிய வயதில், "வருசா வருசம் போறியே, கால் வந்துச்சா?" என்று கேட்டேன். "இப்ப காலுக்காகவாடா போறேன்? போகாம இருக்க முடியலை" என்றாள். அன்று அது பதிலாகவே படவில்லை.

மதியம் எறிநாற்காலியைத் தேடி எடுத்தேன். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. நாலு காலையும் கயிற்றால் முளையில் இழுத்துக் கட்டி, தொடையைப் பெல்ட்டால் பிணைத்து உட்கார வேண்டும். எறியும்போது பிட்டம் இருக்கையை விட்டு எழும்பினால் ஃபவுல். நின்று எறிகிறவர்கள் மாறி மாறி எறிவார்கள். எங்களை ஒருமுறை கட்டி உட்காரவைத்துவிட்டால் எல்லா எறிதலையும் அடுத்தடுத்து முடித்துவிட வேண்டும். மூச்சு வாங்க நேரமில்லை. எங்கள் பிரிவுக்கு எஃப்57 என்று பெயர்.

பக்கத்து வீட்டுத் தம்பி டேப்பைப் பிடித்தான். "அண்ணே, அஞ்சு மீட்டர் பதினஞ்சு" என்றான். 2018இல் என் எறிதல் 7.40. தம்பிக்கு அது தெரியாது, நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, புதன்

நேற்று நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தேன். உயரம் தாண்டுதலில் மாரியப்பன் தங்கவேலுக்கு வெண்கலம். 1.85 மீட்டர். சரத் குமார் 1.88 தாண்டி வெள்ளி, அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச் 1.94 தாண்டித் தங்கம்.

காலையில் டீக்கடையில் பேச்சு. "ரியோவுல தங்கம், டோக்கியோவுல வெள்ளி, இப்ப வெண்கலம். இறங்கிக்கிட்டே வர்றாப்ல." சொன்னவர் தன் ஆயுளில் வாய்க்கால் தாண்டியதை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பாப்பாவைக் கூப்பிட்டு, கொட்டகைச் சுவரில் டேப் வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடச் சொன்னேன். 2016 ரியோ, 1.89. 2021இல் நடந்த டோக்கியோ, 1.86. இப்போது 1.85. முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரக்கடை. எட்டு வருஷத்தில் அவர் இறங்கியது அவ்வளவுதான். டோக்கியோவில் மழை வேறு. ஊனமான வலது காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்துவிட்டது, எழும்பச் சிரமமாகிவிட்டது என்று அவரே பிறகு சொன்னார். காலில் காலிபர் போட்டவனுக்கு அது புரியும். ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கொண்டால் கால் நம்முடையது மாதிரியே இருக்காது.

பிறகு இன்னொரு கோடு போடச் சொன்னேன். 1.67. "இது எப்பப்பா?" 2018 அக்டோபர், ஜகார்த்தா, ஆசிய பாரா விளையாட்டு. ரியோவில் தங்கம் வாங்கி, 2017இல் பத்மஸ்ரீயும் வாங்கியவர் அங்கே தாண்டியது 1.67. அன்றும் வெண்கலம்தான். 1.90 தாண்டி முதலில் வந்தது இதே சரத் குமார். பாப்பா கையை விரித்து 1.89க்கும் 1.67க்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. நான் வைத்தேன். சரியாக ஒரு சாண்.

பத்திரிகைகள் அவரது கதையை இந்தச் சாணுக்கு முன்னாலேயே முடித்துவிடும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் காலில் ஏறிய பஸ், காய்கறி விற்ற அம்மா சரோஜா, வைத்தியத்துக்கு வாங்கிய மூன்று லட்சம் கடன், ரியோ தங்கம், சுபம். 'ஊனத்தை வென்ற வீரர்' என்று தலைப்பு. ஊனத்தை யாரும் வெல்வதில்லை. அது கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்குகிறது. ஜகார்த்தாவுக்குப் பிறகு அவர் எப்படி மறுபடி மைதானத்துக்குப் போனார் என்று எழுதினால் நான் காசு கொடுத்து வாங்கிப் படிப்பேன். அடுத்த வருஷம் துபாய் உலகப் போட்டியில் 1.80. இந்த மே மாதம் ஜப்பானில் கோபே உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம். இது இறங்குகிற ஆளா?

எங்கள் மாவட்டம் இதைவிடப் பெரிய இறக்கத்தைப் பார்த்திருக்கிறது. கத்தக்குறிச்சி சாந்தி 2006இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையின் பெயரால் அதைப் பறித்தார்கள். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலை. ஆனாலும் மறுபடி மைதானத்துக்கு வந்து பிள்ளைகளை ஓடப் பழக்கினார்.

என் சாணையும் எழுதிவிடுகிறேன். மாரியப்பன் ஜகார்த்தாவில் தாண்டிய மறுமாதம், நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயல். எண்பது தென்னையில் ஒன்பது மிஞ்சின. சத்தம் நின்றபிறகு வெளியே வந்தால், வீட்டிலிருந்து பார்க்கவே முடியாத ரோடு பளிச்சென்று தெரிந்தது. மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. விழுந்ததை அறுத்து அப்புறப்படுத்துவதும் அதற்குள் அடக்கம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி நடக்கும் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. அதற்குக் கஜா காரணமில்லை. முதல் வருஷம்தான் கஜா. மற்றதெல்லாம் நான்.

செப்டம்பர் 5, வியாழன்

தோள்பட்டை தூக்க முடியவில்லை. வீட்டில் தைலம் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்குத் தேங்காய் நம் மரத்தது. 2019இல் வைத்த கன்றுகளில் பாதி இந்த வருஷம்தான் பாளை விட்டிருக்கின்றன.

பாரிசில் நேற்று ஆண்கள் குண்டு எறிதல். எங்கள் எஃப்57. நாகாலாந்தின் ஹோகாட்டோ ஹோடோஜெ செமாவுக்கு வெண்கலம், 14.65 மீட்டர். ராணுவ வீரர். 2002இல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் ஒரு காலை இழந்தார். குண்டைக் கையில் எடுத்ததே 2016இல், முப்பது தாண்டிய பிறகு. இப்போது நாற்பது. என்னைவிட ஒரு வயதுதான் இளையவர். போனில் அந்த எறிதலை மட்டும் நாலு தரம் ஓடவிட்டேன். குண்டு கிளம்பும்போது எறியாத கை கம்பியை விடவே இல்லை. நான் விட்டுவிடுகிறேன். அங்கேதான் பிட்டம் எழும்புகிறது.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அய்யனாருக்கு வேண்டிக்கவா?" என்றாள். "எதுக்கு?" என்றேன். "சும்மாதான்" என்றாள். வேண்டிக்கொள் என்றேன்.

சாயங்காலம் ஆறு எறிதல். இரண்டு ஃபவுல். நீளமானது 5.48. நாளைக் காலையில் குண்டைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். டிசம்பர் 3க்கு இன்னும் 87 நாள்.