ஒலிக்காத எழுத்துகள்

விடிவதற்கு முன்பே அந்த வீட்டுத் திண்ணையில் குரல் எழுந்துவிடும். 'வெட்-நெஸ்-டே' என்று ஆங்கிலப் புதன்கிழமையை மூன்றாக உடைத்து, ஒவ்வோர் அசையையும் அழுத்திச் சொல்வாள் அம்மாணவி. வகுப்பில் அவ்வாறு ஒலித்தால் ஆசிரியர் திருத்துவார் என்பதை அவள் அறிவாள். ஆயினும், ஒலிக்காத எழுத்தை விடைத்தாளில் தவறவிடாதிருக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே.

தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் அவளுக்கு ஆங்கிலப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. எழுத 3 மணி நேரம், 90 மதிப்பெண், அவற்றுள் நெடுவினாக்களுக்கு மட்டும் 35. அந்த 35ஐ நம்பியே கட்டுரைகளை வரி பிசகாமல் மனப்பாடம் செய்திருந்தாள். மனப்பாடத்தை எள்ளி நகையாடுவது எளிது. அவள் வீட்டிலோ ஆங்கிலம் பேசுவோர் எவருமிலர்; சித்தாள் வேலைக்குச் செல்லும் தாய்க்கு, மகள் தடுமாறும் இடம் குரல் நிற்பதைக் கொண்டே தெரியும். "ஏம்மா நிறுத்திட்ட?" என்பார் அடுப்படியிலிருந்து. நினைவாற்றலே அவளது கைமுதல். ஆனால், நடுவில் ஒரு சொல் மறந்தால் அதன்பின் வரும் பத்தி முழுவதும் சரிந்துவிடும்.

சொந்தமாக எழுத முயன்றபோது வேறோர் இடர் எழுந்தது. தமிழில் 'வந்தாள்' என்னும் ஒரே சொல்லில் திணை, பால், எண், இடம், காலம் யாவும் அடங்கிவிடுகின்றன. எழுவாய் தோன்றாமல் நின்றாலும் குறையில்லை. ஆங்கில வாக்கியத்திலோ எழுவாய் வெளிப்பட்டு நிற்க வேண்டும். தமிழில் பெயரின் பின் ஒட்டும் வேற்றுமை உருபின் வேலையை, அங்கே பெயருக்கு முன் வரும் தனிச்சொல் செய்கிறது. எழுவாயற்ற அவளுடைய வாக்கியங்களைச் சிவப்பு மை சுழித்தபோது, கவனக்குறைவு என்றே பிறர் கருதினர். உண்மையில், அவள் தமிழில் பிழையின்றிச் சிந்தித்திருந்தாள்.

கடிதம் எழுதும் பயிற்சி மட்டும் அவளுக்குப் பொருளற்றதாகவே தோன்றியது. அனுப்புநர் 'எக்ஸ் ஒய் இசட்'. யாருக்கும் போய்ச் சேராத மடல். அப்போதுதான் ஆசிரியர் இராமானுஜனைப் பற்றிக் கூறினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்த அவர், ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். அவரே 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு ஆங்கிலத்தில் மடல் வரைந்தார். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு ஊதியம் பெறும் எழுத்தர் என்று அதில் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். அன்று மாலை, பயிற்சிக் கடிதத்தின் தலைப்பில் அவள் தன் பெயரையும் தெருவையும் எழுதினாள். தேர்வில் அவ்வாறு எழுதக்கூடாது. வீட்டுக் குறிப்பேட்டில் யார் தடுப்பது?

அரையாண்டுத் தேர்வில், முன்பின் கண்டிராத உரைப்பகுதி ஒன்றைச் சுருக்கி எழுத வேண்டியிருந்தது. தேனீக்களைப் பற்றியது. மனப்பாடம் அங்கே கைகொடுக்கவில்லை. மும்முறை படித்தாள், அறியாத சொற்களைத் தாண்டிச் சென்றாள், பின்னர் ஏழு வாக்கியங்கள் எழுதினாள். எல்லாம் சிறியவை. ஒவ்வொன்றிலும் எழுவாய் இருந்தது.

அதற்கு 5க்கு 3 கிடைத்தது. மனப்பாடக் கட்டுரைக்கு 4. விடைத்தாளை வீட்டிற்குக் கொண்டுவந்தபோது, அவள் விரித்துக் காட்டியது 3 பெற்ற பக்கத்தையே.

"இதுல என்னம்மா எழுதியிருக்க?" என்றார் தாய், சிமெண்டு படிந்த கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி.

மகள் முதல் வரியின்மேல் விரலை வைத்து, தேனீக்களைப் பற்றித் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.